ஓவன் திரையில் பிழை எழுத்து வந்தால்...



மைதா, சர்க்கரை, வனஸ்பதி மொத்த வியாபாரம் செய்யும் நாம், மின்சார ஓவனைப் பற்றி எழுத முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர்களில் பலர் கடை முகப்பிலேயே சிறிய மின்சார ஓவன் ஒன்றைப் போட்டு, மாலையில் பப்ஸ், பன், பிஸ்கட் என்று சூடாகத் தருகிறார்கள். கடைக்குக் கூட்டம் சேர்க்க நல்ல வழிதான். ஆனால் தராசைப் பற்றியும் பிரிட்ஜைப் பற்றியும் தெரிந்து வைத்திருக்கிற அளவுக்கு இந்த ஓவனைப் பற்றி நம்மில் பலர் தெரிந்து வைத்திருக்கவில்லை. அது ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் கவலையில்லை. ஒரு நாள் சூடு ஏறாமல், திரையில் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் மின்னும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் வசூலுக்குப் போயிருந்தோம். வாடிக்கைக் கடை. மாலை நான்கு மணி. மூன்று டிரே பப்ஸ் அடுக்கி வைத்து, ஓவன் சூடாகக் காத்திருக்கிறார்கள். திரையில் எழுத்து மின்னுகிறது, சூடு ஏறவில்லை. "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க, தம்பி பார்த்திடுவான்" என்றார் கடைக்காரர். தம்பி என்பது அவருடைய தம்பி மகன்; கைவேலை தெரிந்த பையன். ஓவன் முகப்பில் இருந்த சுவிட்சை அணைத்தான். பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டான். அடுத்த கணம் தூக்கி எறியப்பட்டு டிரே ஸ்டாண்டின் மேல் விழுந்தான். தரை அப்போதுதான் துடைத்த ஈரம்; காலில் செருப்பு இல்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. உயிர் தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எப்படி ஷாக் அடித்தது என்று அன்று அந்தக் கடையில் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் பாதி. மீதிப் பாதி, திரையில் வரும் எழுத்து என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது. நமக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் இருவரிடம் பின்னர் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நம் தொழிலுக்குத் தேவையான அளவில் இங்கே எழுதுகிறோம்.

ஓவனுக்குள் என்ன இருக்கிறது?

நாலு உறுப்புகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ஹீட்டர். நிக்ரோம் கம்பிச் சுருளை ஓர் எஃகுக் குழாய்க்குள் வைத்து, கம்பி குழாயைத் தொடாதபடி சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூளை இறுக அடைத்திருப்பார்கள். பேக்கரி ஓவனில் இது மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை இருக்கும். மேல் சூடு, கீழ் சூடு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது சென்சார். ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எஃகுக் கம்பி. அதன் நுனியில் இரண்டு வகை உலோகக் கம்பிகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். நுனி சூடானால் அதில் மிகச் சிறிய அளவு மின்சாரம் பிறக்கும். 200 டிகிரியில் ஏறக்குறைய 8 மில்லிவோல்ட், அவ்வளவுதான். இதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர்.

மூன்றாவது கன்ட்ரோலர். எண் தெரிகிற சிறிய பெட்டி. சென்சார் கொண்டுவரும் செய்தியைப் படித்து, நாம் வைத்த அளவோடு ஒப்பிட்டு, சூடு வேண்டுமா வேண்டாமா என்று உத்தரவு போடுவது இது. நான்காவது கான்டாக்டர். கன்ட்ரோலரின் உத்தரவைக் கேட்டு 'டக்' என்ற சத்தத்தோடு ஹீட்டருக்கு மின்சாரத்தைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இதன் வேலை. கன்ட்ரோலர் கணக்குப்பிள்ளை என்றால், கான்டாக்டர் மூட்டையைத் தூக்குகிற ஆள்.

இப்போது அந்தப் பையனுக்கு ஏன் ஷாக் அடித்தது என்று பார்ப்போம். முகப்பில் இருக்கும் சிறிய சுவிட்ச், பல ஓவன்களில் கன்ட்ரோலருக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்துகிறது. கணக்குப்பிள்ளை கடையை விட்டுப் போய்விட்டார், உத்தரவு இல்லை, கான்டாக்டர் சேரவில்லை, சூடும் இல்லை. ஆனால் சுவரிலிருந்து வரும் தடித்த ஒயர்கள் கான்டாக்டரின் வாசல் வரை உயிரோடுதான் நிற்கின்றன. திரை அணைந்திருப்பதும் ஓவன் குளிர்ந்திருப்பதும் மின்சாரம் இல்லை என்பதற்கு அடையாளமே அல்ல.

எழுத்து எதைச் சொல்கிறது?

பேரேட்டில் கூட்டல் இடிக்கிறது என்று கணக்குப்பிள்ளை சொன்னால், தவறு எந்தப் பக்கத்தில் என்று அவருக்கு அப்போது தெரியாது. இடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஓவன் திரையில் வரும் எழுத்தும் அப்படித்தான். கன்ட்ரோலருக்குத் தன் இடத்திலிருந்து தெரிந்ததை அது சொல்கிறது. எந்த உறுப்பு கெட்டது என்று அது சொல்வதாக நாம் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இன்னொன்று. ஒரு கம்பெனியின் 'இ 1' வேறு. இன்னொரு கம்பெனியின் 'இ 1' வேறு. வெளிநாட்டுச் சமையலறைகளிலும் இப்போது நம் ஊர்ப் புது வீடுகள் சிலவற்றிலும் சுவரில் பதித்து வைக்கும் ஓவன்களில் 'எஃப்' எழுத்தோடு எண் வரும். அங்கேயும் இதே கதைதான், கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விளக்கத்தை நம் ஓவனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஓவனோடு வந்த புத்தகத்தைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் விற்ற கடையில் மாடல் எண்ணைச் சொல்லி அந்தப் பக்கத்தை மட்டும் நகல் வாங்கி, ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எழுத்து எதுவானாலும், சூடு சம்பந்தமான புகார்களைப் பெரும்பாலும் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை. சில கன்ட்ரோலர்களில் இதற்கு 'ஓபன்' என்றே வரும். இரண்டு, உத்தரவு போட்டும் குறிப்பிட்ட நேரத்தில் சூடு ஏறவில்லை. மூன்று, வைத்த அளவைத் தாண்டிச் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

முதல் வகையில் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் ஹீட்டரைத் தாமே நிறுத்திவிடும். எவ்வளவு சூடு என்று தெரியாதபோது மேலும் சூடாக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போல அல்லவா? எனவே அப்போது ஓவன் சூடாகாமல் நிற்பது அதன் கோளாறு அல்ல, அதன் காவல். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நம் ஊரில் ஒரு கெட்ட வழக்கம் நடக்கிறது. அவசரத்துக்கு வருகிற ஆள் கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு ஹீட்டருக்கு நேரே மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, "டைரக்ட் கொடுத்துட்டேன் முதலாளி, இப்போதைக்கு ஓட்டுங்க, பார்ட் வந்ததும் மாத்திக்கலாம்" என்பார். கடைக்காரருக்கும் சந்தோஷம், பப்ஸ் வெந்துவிட்டது. பார்ட் வந்தாலும் மாற்ற மாட்டார்கள். அந்த ஓவன் நிறுத்துவார் இல்லாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வனஸ்பதி டின், எண்ணெய், அட்டைப்பெட்டி, சாக்கு, தீப்பெட்டிக் கட்டு, கற்பூரம்; நம் மளிகைக் கடையில் எரியாத சரக்கு எது? காவல்காரன் கூச்சல் போட்டால் என்ன என்று எழுந்து பார்ப்போமா, அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவோமா?

திறக்காமலே பார்க்கக் கூடியவை

ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே கடைக்காரர் செய்யக்கூடிய பரிசோதனைகள் நிறைய உண்டு. முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். கருகின வாசனை, பிளாஸ்டிக் உருகின வாசனை இருந்தால், அல்லது பிளக், சுவிட்ச் போர்டு கை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மின்சாரத்தை மேலிருந்து துண்டித்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அப்படி எதுவும் இல்லையென்றால், கடையின் மற்ற விளக்குகளைப் பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸ் போனால் கடையில் ஒரு பகுதி விளக்குதான் அணையும். ஓவன் திரை வேறு பேஸில் இருந்தால் பளிச்சென்று எரியும். ஆனால் ஹீட்டர்களில் ஒரு பகுதி வேலை செய்யாது. சூடு ஏறவில்லை என்று கன்ட்ரோலர் கத்தும். ஓவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மீட்டருக்கு முந்திய பழுது என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பியூஸ் கட்டையைப் பிடுங்கி நாமே கம்பி சுற்றுகிற பழைய பழக்கம் வேண்டாம்.

வோல்டேஜ் மீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். ஹீட்டர் விஷயத்தில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையவே குறையும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் ஏறக்குறைய 2 கிலோவாட்தான் தரும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. எல்லோரும் விளக்குப் போடும் மாலை நேரத்தில் மட்டும் எழுத்து வந்து, காலையில் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் இங்கேதான்.

அடுத்து, பொருளே சாட்சி சொல்லும். பப்ஸ் மேலே சிவந்து அடியில் மாவாக இருந்தால் கீழ் ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். அடி கருகி மேலே வெள்ளையாக இருந்தால் மேல் ஹீட்டர். டிரேயில் ஒரு பக்கம் மட்டும் வேகாமல் இருந்தால் அந்த வரிசையில் ஒரு குழாய் போயிருக்கலாம். எந்தப் பக்கம் வேகவில்லை என்று ஒரு காகிதத்தில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். கதவு சரியாக மூடுகிறதா, கதவு ஓரத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதே. மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன்களில் டைமர் பூஜ்யத்தில் இருந்தால் சூடே வராது. இதற்காக மெக்கானிக்கை வரவழைத்துக் கூலி கொடுத்தவர்களும் உண்டு, பெயர் வேண்டாம்.

பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 16 ஆம்பியர் பிளக்கில் மிஞ்சிப் போனால் மூன்றரைக் கிலோவாட்தான் எடுக்கலாம். மணிக்கணக்காக எடுத்தால் அதுவும் அதிகம். ஒரே அடுக்கில் இரண்டு டிரே வைக்கும் ஓவன்களில் 6, 7 கிலோவாட் இழுப்பவை உண்டு. அதற்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஐசொலேட்டர் இருந்தாக வேண்டும். கிரைண்டருக்குப் போட்ட லைனில் ஓவனை மாட்டிவிட்டு எழுத்து வருகிறதே என்று கேட்கக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்து, கருகல் வாசனையும் இல்லையென்றால், ஒரே ஒரு முறை மின்சாரத்தை ஐசொலேட்டரில் துண்டித்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில் கன்ட்ரோலர் குழம்பி நிற்பதுண்டு. பக்கத்திலேயே நின்று பாருங்கள். எழுத்து திரும்ப வந்தால் மறுபடி மறுபடி போட்டு அணைக்க வேண்டாம். அன்றைக்கு ஓவனுக்கு விடுமுறை.

துண்டிப்பது என்றால்...

துண்டிப்பதிலும் முறை இருக்கிறது. முகப்புச் சுவிட்ச் போதாது என்று மேலே பார்த்தோம். தெருவோரத்து மெயினை அணைப்பதிலும் ஒரு பொறி உண்டு. தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகளில், மெயினை அணைத்தவுடன் அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தானே ஓடத் தொடங்கி, ஓவன் லைனுக்கு மின்சாரத்தை அனுப்பிவிடும். ஆகையால் ஓவனுக்கு என்று உள்ள ஐசொலேட்டரை அல்லது எம்.சி.பி.யையே கீழே இறக்க வேண்டும். பிளக் உள்ள ஓவன் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடலாம். இறக்கியபின் 'வேலை நடக்கிறது, போடாதே' என்று அட்டையில் எழுதி மாட்டுங்கள். கடையில் பத்துப் பேர் நடமாடுகிற இடத்தில், "யாரு இதை அணைச்சது?" என்று கேட்டுக்கொண்டே தூக்கிவிடுகிற கைகள் உண்டு.

டெஸ்டரைத் தொட்டுப் பார்த்தோம், எரியவில்லை, எனவே மின்சாரம் இல்லை என்று சொல்வதையும் நம்பாதீர்கள். காய்ந்த பலகை மேல் நின்றாலோ தடித்த ரப்பர் செருப்புப் போட்டிருந்தாலோ டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. விவரமான மெக்கானிக், மின்சாரம் இருக்கிற ஓரிடத்தில் கருவியை முதலில் தொட்டுச் சோதித்துவிட்டுத்தான் ஓவனைத் தொடுவார். வருகிறவர் இப்படிச் செய்கிறாரா என்று கவனித்தாலே அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று தெரிந்துவிடும்.

நிறுத்திய பிறகும் சூடாகிறதா?

மூன்றாவது வகைக் கோளாறுதான் மிகவும் பயங்கரம். கான்டாக்டர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து பிரிகிறது. ஒவ்வொரு தடவையும் சிறு பொறி. வருடக்கணக்கில் அதன் முனைகள் தேய்ந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். கன்ட்ரோலர் 'போதும்' என்றாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். கான்டாக்டருக்குப் பதிலாக எஸ்.எஸ்.ஆர். என்னும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் பாகம் வைத்த ஓவன்களிலும், அது கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' ஆன நிலையிலேயே கெடும். முகப்புச் சுவிட்சை அணைத்தும் ஓவன் சூடாகிக்கொண்டே போனால் யோசிக்க நேரமில்லை, ஐசொலேட்டரை இறக்கிவிடுங்கள்.

இதற்காகவே நல்ல ஓவன்களில் கன்ட்ரோலருக்குச் சம்பந்தமில்லாத தனிப் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும். அளவு மீறினால் அது ஹீட்டரைத் துண்டித்துவிடும். கையால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி சேரும். அந்தப் பொத்தானை அழுத்தி ஓட்டக் கற்றுக்கொண்டு, அடிக்கடி அழுத்துவதையே வேலையாக வைத்திருக்கும் கடை ஒன்றை நாம் அறிவோம். அது ஒரு முறை விழுந்தாலே, சூடு எல்லை மீறியது ஏன் என்று ஆள் வந்து பார்த்தாக வேண்டும்.

உள்ளே டிரே தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். ஐசொலேட்டரை இறக்குங்கள். மூடிய கதவுக்குள் காற்று இல்லாமல் தீ அடங்கும். அடங்காவிட்டால் 101-ஐக் கூப்பிடுங்கள். சூடான கண்ணாடிக் கதவில் தண்ணீரை ஊற்ற வேண்டாம், வெடிக்கும்.

சிவப்பு ஒயர் செய்த வேலை

மெக்கானிக் ஒருவர் சொன்ன விஷயம் இது. மற்ற மெக்கானிக்குகளிலும் சிலருக்கு இது தெரிவதில்லை. தெர்மோகப்பிளில் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. மாற்றும்போது தலைகீழாக மாட்டிவிட்டால் ஓவன் சூடாகச் சூடாகத் திரையில் எண் இறங்கும். கன்ட்ரோலர் என்ன நினைக்கும்? சூடு குறைகிறது, இன்னும் கொடு என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். எந்த எழுத்தும் வராமலே அடுப்பு பழுக்கும்.

இந்தத் தவறு ஏன் வருகிறது? சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்பது நம் ஆட்களின் கைப்பழக்கம். அமெரிக்க முறையில் செய்த தெர்மோகப்பிள் ஒயரிலோ சிவப்புதான் நெகட்டிவ்; 'கே' வகையில் மஞ்சள் பாசிட்டிவ். சர்வதேச முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கடைத்தெருவில் இரண்டும் கிடைக்கும். 'கே' வகையின் அசல் கம்பியில் நெகட்டிவ் கம்பி காந்தத்தில் ஒட்டும், பாசிட்டிவ் ஒட்டாது. அந்த மெக்கானிக் பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறார்.

நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டு போட்டு நீட்டுவதும் தவறு. ஒட்டு இருக்கிற இடம் 60 டிகிரி, கன்ட்ரோலர் இருக்கிற இடம் 35 டிகிரி என்றால் திரை ஏறக்குறைய 25 டிகிரி குறைவாகக் காட்டும். உள்ளே அவ்வளவு கூடுதலாகச் சூடு இருக்கும். பன் கருகுகிறது, மைதா சரியில்லை என்று நம்மிடம் மூட்டையைத் திருப்பி அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். மூட்டையை மாற்றிக் கொடுத்தோம். அந்த மைதாவிலும் பன் கருகியது. பிறகுதான் அவர் ஓவன் ஒயரைப் பார்த்தார்.

ஆகவே சென்சார் மாற்றியவுடன் மெக்கானிக்கை அனுப்பிவிடாதீர்கள். ஓவனைப் போட்டு, எண் ஏறுகிறதா என்று அவர் எதிரிலேயே பாருங்கள். வைத்த அளவுக்கு வந்ததும் 'டக்' என்று பிரிகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, திரை எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

டிரிப் ஆனால்

மழைக்காலத்தில், அல்லது ஓவனைப் பத்துப் பதினைந்து நாள் போடாமல் வைத்திருந்து போட்டால், ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. உறிஞ்சிய ஈரத்தின் வழியாக மின்சாரம் குழாய்க்குக் கசிகிறது. அதை ஆர்.சி.சி.பி. கண்டுபிடித்துத் துண்டிக்கிறது. மனிதரைக் காக்க வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. "இது சும்மா சும்மா விழுது" என்று அதைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். கழற்றினால் ஓவன் ஓடும்தான். கசிவு ஓவன் உடம்புக்கு வரும். எர்த்தும் சரியில்லை என்றால் கதவைத் தொடுகிறவர் கை வழியாக இறங்கும். மெக்கானிக் மெக்கர் வைத்துப் பார்த்து, ஈரம்தான் காரணமா, குழாயே வெடித்திருக்கிறதா என்று சொல்வார். ஈரமென்றால் காய வைக்கும் முறை அவருக்குத் தெரியும்; நாம் முயல வேண்டாம். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள்; விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

எர்த் குழியைக் கோடையில் காய விடாமல் தண்ணீர் ஊற்றுவது நம் தகப்பனார் காலத்து வழக்கம். உப்பும் கரியும் போட்ட பழைய குழி உள்ள கடைகளில் அதை இன்றும் விடக் கூடாது. எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலையே ஓவன் உடம்பில் சேர்த்துக் கட்டுவது கொலைக்குச் சமம். நியூட்ரல் எங்காவது ஒன்று அறுந்தால் ஓவன் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இருவரும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் ஒருவராவது இதைக் கற்றிருப்பது நல்லது. எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள். ஷாக் இதயத்தைப் பாதித்திருக்கலாம்.

ஆள் வந்தால்

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் அல்லது கம்பெனி மெக்கானிக் மட்டுமே தகட்டைக் கழற்ற வேண்டும். போனில் கூப்பிடும்போதே மாடல் எண், திரையில் வந்த எழுத்து, அப்போது காட்டிய சூட்டு அளவு, மணி, மழையா, கரண்ட் போய் வந்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். கூப்பிடும் முன்பே ஓவனைத் துண்டித்து ஆற விடுங்கள். கல் பதித்த ஓவன் மணிக்கணக்கில் சூட்டை வைத்திருக்கும். எந்த உறுப்பு கெட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் நல்ல நிலையில் சுமார் 26 ஓம் காட்டும். அறுந்திருந்தால் எதுவும் காட்டாது. மீட்டர் வைத்துப் பார்க்காமலே "ஹீட்டர் போச்சு" என்று சொல்கிறவரிடம் ஹீட்டர் வாங்க வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை வேறு ஆள் வந்தால் அந்த நோட்டுதான் பேசும். ஒயர் முனைகளை எல்லாம் வருடத்துக்கு ஒரு முறையாவது முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாகிச் சூடாகி ஆறும் இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

நாம் முதலில் சொன்ன கடையில் நடந்ததும் அதுதான். மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தபோது ஹீட்டர் நல்ல ஹீட்டர், சென்சார் நல்ல சென்சார், கன்ட்ரோலரும் நன்றாகவே இருந்தது. சுவரில் இருந்த ஐசொலேட்டரில் ஒரு பேஸின் ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் முனை கருகி, அந்தப் பேஸ் ஓவனுக்கு வரவேயில்லை. மற்ற இரண்டு பேஸும் உயிரோடு இருந்தன. பையன் கை வைத்தது அவற்றில் ஒன்றின் மேல். கருகின முனையை வெட்டி, புது லக் பிடித்து, புது ஐசொலேட்டர் மாட்ட 20 நிமிடம் ஆனது. தீபாவளி ஆர்டருக்கு அந்த வருடம் அவர்கள் வேறு பேக்கரியில் வாங்கித்தான் கொடுத்தார்கள். தம்பி ஆறு வாரம் மாவுக்கட்டோடு கல்லாவில் உட்கார்ந்து, இடது கையால் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது அந்த ஐசொலேட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அட்டை ஒன்று தொங்குகிறது, எழுத்து அவனுடையது.